நாற்காலி போடும் இடம்

பிப்ரவரி 3

மரம் முதலில் வராது, அண்ணி. நாற்காலிதான் முதலில் வரும்.

உங்கள் நான்கு வரிக் கடிதத்தில் இருந்த ஒரே கேள்விக்கு இதுதான் பதில். அண்ணன் இறந்து ஒன்றரை வருடம். அவன் போன அதே மாதத்தில் அவனுடைய வேனை விற்றீர்கள். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சில்லை. இப்போது திடீரென்று, வீட்டு முன்பக்கம் தோட்டம் போடப்போகிறேன், நீதானே அதைப் படித்தவள், என்ன மரம் வைக்கலாம் என்கிறீர்கள். நலமா என்றுகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

தொழில்முறையில் சொல்கிறேன்.

தோட்டம் செடிக்கடையில் தொடங்குவதில்லை. நீங்கள் எங்கே உட்காருவீர்கள், எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள், அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுத் தோட்டம் வீட்டுக்குள் இருப்பவருக்காக. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஒவ்வோர் இடமாகப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். எங்கே எழுந்திருக்க மனம் வரவில்லையோ அந்த இடத்தைக் குறித்து அனுப்புங்கள்.

அடுத்து வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை, மதியம், சாயங்காலம், நிழல் எதுவரை வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். செடி வாங்கும்போது அந்தக் கோடு பேச வேண்டும். ஆசை பேசக் கூடாது.

அடுத்து கால். கேட்டிலிருந்து கதவுக்கு எந்த வழியாக நடக்கிறீர்களோ அதுதான் பாதை. படத்தில் அழகாக இருக்கிறது என்று வேறெங்கோ போட்டால் யாரும் அதில் நடக்க மாட்டார்கள். பக்கத்துப் புல்தான் சாகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மரம்.

வேன் நின்ற இடம் இப்போது எப்படி இருக்கிறது? தொழில்முறையில்தான் கேட்கிறேன்.

&nbsp;

பிப்ரவரி 12

குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். கண்ணாடிக் கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரம். பின்கட்டில் லென்ஸ் அறுக்கிறவர் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன மேடம், பரீட்சை ரிசல்ட்டா? முகம் அப்படிப் போகுது" என்றார். "பாஸா ஃபெயிலான்னு இன்னும் தெரியல" என்றேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். வேண்டாம். போனில் உனக்குக் கோபப்பட மட்டும்தான் நேரம் இருக்கும். கடிதம் என்றால் கோபப்பட்டு, அடித்துவிட்டு, திரும்ப எழுதலாம். "தொழில்முறையில்" என்ற வார்த்தைக்கு முன்னால் நீ எதையோ அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு இறங்கினேன். எதிர்மாடி டீச்சர் பால்கனியிலிருந்து, "என்ன, இந்த வயசுல நொண்டி விளையாடப் போறீங்களா?" என்றார். "ஆமா டீச்சர், ஜோடிதான் இல்ல. இறங்கி வர்றீங்களா?" என்றேன். அதற்குப் பிறகு ஒரே துண்டைச் சாயங்காலம் வரை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் முன்பக்கம் முழுக்க வெயில். மத்தியானம் பொரிகிறது. மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் மெதுவாக இறங்கிப்போய்க் கேட்டில் படுத்துக்கொள்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. வேன் மறைத்துக்கொண்டிருந்தது.

வேன் நின்ற இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும், மேலே எண்ணெய் பளபளக்கும்.

கால் பற்றிக் கேட்டிருந்தாய். சிரிக்காதே. நான் கேட்டிலிருந்து கதவுக்கு நேராக நடப்பதில்லை. வேன் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். வேன் இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்கு யார் சொல்வது?

என் கேள்விகள் இரண்டு. கேட்டில் வந்து நிற்கிற ஆளுக்கு முதலில் என்ன கண்ணில் பட வேண்டும்? எது சீக்கிரம் வளரும்? ஏப்ரலுக்குள் நிறைவாகத் தெரிய வேண்டும்.

நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்.

அண்ணி

&nbsp;

பிப்ரவரி 21

கேட்டில் நிற்பவருக்கு ஒன்று தெரிந்தால் போதும். ஒன்றே ஒன்று. கண் அங்கே போய் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எல்லாச் செடியும் என்னைப் பார், என்னைப் பார் என்றால் பார்ப்பவர் தலையைத் திருப்பிக்கொள்வார்.

கூடத்து ஜன்னலுக்கு வலப்பக்கம் ஒரு மாதுளை வையுங்கள். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி. வேருக்கும் அஸ்திவாரத்துக்கும் சண்டை வரக் கூடாது. அதன் பின்னால் சுவரோரம் செம்பருத்தி, உயரமானது எப்போதும் பின்னால். முன்னால் நந்தியாவட்டை, அதற்கும் முன்னால் தரையோடு படர்வது ஏதாவது. வகைக்கு ஒன்றாகப் பத்து வாங்காதீர்கள். இரண்டு மூன்று வகை போதும். ஒரே செடியை மூன்றாக, ஐந்தாகச் சேர்த்து வையுங்கள். பாத்தியின் ஓரத்தை மண்வெட்டியால் தொடங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் ஹோஸைத் தரையில் வளைத்துப் போட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். வாரக் கடைசியிலும் பிடித்திருந்தால் வெட்டுங்கள்.

வெறும் இடம் கொஞ்சம் இருக்கட்டும். கண்ணுக்கும் மூச்சு விட இடம் வேண்டும்.

இடைவெளி முக்கியம். செடியின் இன்றைய அளவைப் பார்த்து வைக்கக் கூடாது, மூன்றாம் வருட அளவைப் பார்த்து வைக்க வேண்டும். முதல் வருடம் மொட்டையாகத்தான் தெரியும். பொறுக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். விற்பனைக்கு இருக்கும் வீடுகளுக்கு. வளர்ந்த செடிகளைக் கொண்டுவந்து தோளோடு தோள் உரச நட்டுவிடுவோம். முதலாளி சொல்வார்: "வாங்கற ஆள் கேட்ல நின்னு ஒரு தடவை பார்ப்பான். அந்த ஒரு தடவைக்கு நிறைஞ்சிருந்தா போதும்மா." சில மாதங்களில் ஒன்றை ஒன்று நெரிக்கும். அதற்குள் வீடு கைமாறியிருக்கும். நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர்.

பாதையை நேராகப் போடுங்கள். அங்கே இப்போது எதுவும் நிற்கவில்லை. விற்றது நீங்கள்தான்.

ஊரில் பாதிப் பேருக்கு வீடு மாற்றிக்கொடுத்த வண்டி அது. நான் வண்டி ஓட்டப் பழகியது அதில். சீட்டில் அவன் முதுகு பட்டு அமுங்கிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளம் ஆறுவதற்குள் விற்றுவிட்டீர்கள். என்னைக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா தெரியாது. கேட்டிருக்கலாம்.

எங்கே உட்காரப் போகிறீர்கள்? இரண்டாவது தடவை கேட்கிறேன்.

&nbsp;

மார்ச் 10

குட்டிக்கு,

தோட்டம் பாதி எழும்பிவிட்டது. மண் கொத்த வந்த ஆள் வேன் நின்ற இடத்தில் ஒரு போடு போட்டான். கடப்பாரை துள்ளியது. "இதுக்குக் கீழ யாராவது ரோடு போட்டாங்களாம்மா?" என்றான். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொத்தினோம். மாதுளை நீ சொன்ன இடத்தில். செம்பருத்தி பின்னால். ஹோஸை வளைத்துப் போட்டு வைத்திருந்தேன். தபால்காரர் தடுக்கி விழப்பார்த்துவிட்டு, "பாம்புன்னு நினைச்சேன்" என்று என் மேல் கோபித்துக்கொண்டார். பிறகு பாத்தி வெட்டினேன்.

இடைவெளியில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. நீ சொன்னபடி வைத்துப் பார்த்தேன், பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. வளர்ந்த செடியாக இன்னும் கொஞ்சம் வாங்கி நடுவில் சொருகிவிட்டேன். இப்போது ஜம்மென்று இருக்கிறது. மூன்றாம் வருடத்தை மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். தினமும் வேலை விட்டு வரும்போது தெருவிலேயே நின்று பார்க்கிறேன். இன்னும் ஏதோ குறைகிறது. ஒரு ஆள் கேட்டில் வந்து நிற்கிறார் என்று வை. உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். வரத் தோன்ற வேண்டும். அதற்கு என்ன செய்வது? உன் படிப்பில் அதற்கு ஏதாவது இருக்கிறதா?

பாதை இன்னும் போடவில்லை. நேராகப் போட மனம் வரவில்லை, வளைத்துப் போட வெட்கமாக இருக்கிறது.

வேனைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுதி, அடித்துவிட்டேன். நானும் நன்றாக அடிப்பேன்.

அண்ணி

&nbsp;

மார்ச் 17

வீட்டை விற்கப் போகிறீர்கள்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்தத் தொழில் ஒன்றுதான், அண்ணி. அதில் போய் என்னை ஏமாற்ற முடியாது.

நாற்காலி எங்கே என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. உங்கள் மூன்று கடிதத்திலும் ஒரு ஜன்னல்கூட வரவில்லை. எல்லாம் கேட்டிலிருந்து. எல்லாம் தெருவிலிருந்து. ஏப்ரலுக்குள் நிறைய வேண்டும். செடிகள் தோளோடு தோள். மூன்றாம் வருடத்தைப் பற்றிக் கவலை இல்லை. அங்கே மூன்றாம் வருடம் இருக்கப் போகிறவர் இப்படி நட மாட்டார். நான் தினமும் வரைந்து கொடுக்கிற தோட்டம் இது. யாரும் உட்காராத தோட்டம்.

நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதுதான் வேடிக்கை.

அப்பா அம்மா கட்டிய வீடு. அண்ணனுக்குப் பிறகு பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்ததன் அர்த்தம் இப்போது புரிகிறது. முதலில் மரம். பிறகு கையெழுத்து.

வேனுக்கு நான் தேவைப்படவில்லை. வீட்டுக்குத் தேவைப்படுகிறேன்.

நேராகக் கேட்டிருந்தால் போட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ.

&nbsp;

மார்ச் 25

குட்டி,

ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். உனக்காகத்தான் ஜன்னலைச் சொல்கிறேன்.

முதலில் வேன்.

வேன் நின்றால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். இது எனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே தெரியும். உன் அண்ணன் போன பிறகும் அது நின்றுகொண்டிருந்தது. நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். "வேன் நிக்குதே, அண்ணன் இருக்காரா? நாளைக்கு வீடு மாத்தணும்." ஒவ்வொருவருக்கும் நான் கேட்டில் நின்று சொன்னேன். அவர்கள் ஐயோ என்பார்கள், நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்வேன். ஒரு நாள் ஒருவர் வந்து கேட்டபோது, "தூங்கறார், நாளைக்கு வாங்க" என்றேன். உள்ளே வந்து அடுப்பை மூட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மறுநாள் அந்த ஆள் சொன்னபடி வந்தார். அவரிடம் உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் வேனை விற்றேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ "வேண்டாம்" என்பாய், நான் "சரி" என்பேன், அது நிற்கும், நான் இன்னும் தூங்குகிறார் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் கேட்கவில்லை.

அடுத்து வீடு. விற்கவில்லை. விற்கிறவள் மாதுளைக்குக் கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போடுவாளா?

ஆனால் நீ கண்டுபிடித்ததில் பாதி சரி. நான் போகிறேன்.

லென்ஸ் அறுக்கிறவரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள், "தனியா டீ குடிச்சா பாதியிலயே ஆறிப் போயிடுது மேடம்" என்றார். "சின்ன டம்ளர் வாங்குங்க" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்து, "வாங்கிட்டேன். அப்பவும் ஆறுது" என்றார். அவ்வளவுதான். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வீட்டுக்கு வந்து யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் முகம்தான் வந்தது.

அவருடையது இரண்டாவது மாடி. முன்னால் சின்ன பால்கனி. ஏப்ரல் பத்தாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்து. இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் மரம், மரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வீடு உனக்கு. என் பாதியையும் சேர்த்து. வந்து இருக்கிறாயோ, பூட்டி வைக்கிறாயோ, உன் இஷ்டம். இப்போது சொல், நாற்காலியை நான் எங்கே போடுவேன்? நான் இங்கே உட்காரப் போவதில்லை. நீ எங்கே உட்காருவாய் என்று எனக்குத் தெரியாது. கேட் வரைக்கும்தான் என்னால் யோசிக்க முடிந்தது. கடைசியாக, வேன் போனது தெரிந்து வந்து, நீ இந்தக் கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனபோது முன்பக்கம் எப்படிக் கிடந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த தடவை நீ வந்து நிற்கும்போது அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டில் நிற்கிற அந்த ஆள் நீதான், மக்கு.

சாட்சிக்கு எதிர்மாடி டீச்சர் வருகிறார். வரவேண்டாம் என்றாலும் வருவார். இன்னொரு ஆள் வேண்டும். கடையில் யாரையாவது கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை.

அண்ணி என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. வேறென்ன போடுவது என்றும் தெரியவில்லை.

&nbsp;

ஏப்ரல் 1

கடையில் யாரையும் கேட்க வேண்டாம்.

இதற்கு முன் மூன்று தாள்கள் கிழித்தேன். ஒன்றில் நிறையக் கோபம். ஒன்றில் நிறைய நியாயம். மூன்றாவதில் நான் நல்லவளாகத் தெரிந்தேன், அதுதான் மூன்றிலும் மோசம்.

இதை மட்டும் எழுதுகிறேன். அவன் இடத்தில் இன்னொருவர் என்று என்னால் இன்னும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாளைக்கும் முடியாது. அதோடுதான் வருவேன். டம்ளர் விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

வீட்டில் வந்து இருப்பேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

அவருடைய பால்கனியில் வெயில் எப்போது வருகிறது, எதுவரை வருகிறது? சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காலை, மதியம், சாயங்காலம். அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.

அண்ணி என்றே போடுங்கள்.

குட்டி

&nbsp;

ஏப்ரல் 11

அண்ணி,

இதை உங்கள் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று சாட்சிக் கையெழுத்துப் போடும்போது என் பேனா எழுதவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்து, "இதுவும் எழுதலேன்னா நான் வேணும்னே செஞ்சேன்னு சொல்லிடுவாங்க" என்றார். அது எழுதியது. டீச்சர் அழுதார். நீங்களும் நானும் அழவில்லை.

நீங்கள் பால்கனி வீட்டுக்குப் போன பிறகு நான் இங்கே வந்தேன். கேட்டில் நின்றேன். மாதுளை தெரிந்தது. மற்றதெல்லாம் சும்மா இருந்தது. குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இடைவெளி அநியாயம். இன்று காலை நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் ஒன்று விட்டு ஒன்றாக வேர் மண்ணோடு எடுத்துவிட்டேன். இப்போது முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரிதான் இருக்கிறது. மூன்றாம் வருடம் சரியாகிவிடும். எடுத்ததெல்லாம் தொட்டிகளில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். நேற்று பதிவுக்குப் போகும் முன் பால்கனியில் அவர் போட்ட கோட்டைப் பார்த்தேன். காலை வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வருகிறது, போதும். செம்பருத்தியைச் சுவரோரம் வையுங்கள். டீ குடிக்கிற இடத்தை விட்டுவிட்டு வையுங்கள். நாற்காலி முதலில்.

வேன் நின்ற இடத்தில் எது வைத்தாலும் வராது. மண் செத்துவிட்டது. கொஞ்சம் தோண்டி எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் தேங்காது. சாயங்காலம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து மாதுளையும் தெரிகிறது, கேட்டும் தெரிகிறது. நிழல் மெதுவாக இறங்கி வந்தது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பாதையை நேராகப் போடத்தான் காலையில் கயிறு கட்டியிருந்தேன். பிறகு மண் சுமந்தேன், தண்ணீர் ஊற்றினேன், கேட்டுக்கும் கதவுக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. இருட்டுவதற்கு முன் தரையைப் பார்த்தேன். ஈர மண்ணில் என் செருப்புத் தடம். கயிற்றின் மேல் ஒரு தடம்கூட இல்லை. எல்லாம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

கயிற்றை அவிழ்த்தேன். தடத்தின் மேலேயே ஹோஸை வளைத்துப் போட்டேன்.